கடவுச்சொல்லுக்குத் தமிழ் தெரியாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் லினக்ஸ் கணினியில் மூன்று மொழிகளுக்கு விசைப்பலகை அமைத்து, அது வேலையும் செய்துவிட்ட குஷியில் பிறந்த கதை இது. முதல் வரி: ‘மழை ஓய்ந்த அந்த மாலையில் அவள் சன்னலோரம்...’ சீச்சீ, மழையும் வேண்டாம், சன்னலும் வேண்டாம்!

2

அவள் மொழிபெயர்ப்பாளர். வேலை போய், அண்ணன் வீட்டில் ஒண்டியிருக்கிறாள். இன்று மதியம் ஒரு மருத்துவமனை வேலைக்கு வீட்டிலிருந்தே தேர்வு. தன் கணினியில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என மாறி மாறித் தட்டவேண்டும். இதை விட்டால் வேறு கதியில்லை.

“அண்ணி, ஓடி வாங்க! ஒரே பட்டன்ல மூணு மொழியும் மாறுது!”

ஈரத்தலையும் துண்டுமாக வந்தாள் அண்ணி. “அடிப்பாவி, கில்லாடிதான் நீ!”

பாராட்டு தலைக்கேறியது. தமிழை முதல் மொழியாக்கி, ‘கணினி முழுவதற்கும்’ என்பதையும் தட்டி, கணினியை அணைத்து மறுபடி போட்டாள். நுழைவுத் திரை வந்தது. கடவுச்சொல்லோ ஆங்கில எழுத்துகளில். விழுவதோ தமிழ். கண்ணுக்குத் தெரிந்தவை வெறும் புள்ளிகள். மொழி மாற்றும் பட்டனோ உள்ளே போன பிறகுதான் வேலை செய்யும்! விஷயம் புரிவதற்குள் இரண்டு முறை தப்பாகிவிட்டது. மூன்றாவதும் தப்பானால் ஒரு மணி நேரம் பூட்டு. தேர்வுக்குக் கால் மணிதான் இருக்கிறது.

[இவ்வளவு கெட்டிக்காரி இப்படிச் செய்வாளா? செய்வாள். குஷியில் இருப்பவர்கள்தான் செய்வார்கள்.]

“என் கடைக் கம்ப்யூட்டர எடுத்துட்டு வரவா?”

“அதுல தமிழே கிடையாது அண்ணி. போச்சு, எல்லாம் போச்சு!”

அவள் அழத் தொடங்கினாள் என்று எழுதி... அடித்துவிட்டேன். துள்ளி எழுந்தாள்.

“அண்ணி! கறுப்புத் திரை!”

மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். படமில்லாத, வெறும் எழுத்துத் திரை திறந்தது. அங்கே தமிழ் எட்டாது; உள்ளே போய்விட்டால் மொழி அமைப்பையும் பழையபடி மாற்றிவிடலாம். பயனர் பெயரைத் தட்டினாள். ஆங்கிலம்! நானே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

3

முடிவு ஒன்று: திறந்தது, வேலை கிடைத்தது, அண்ணி கட்டிக்கொண்டாள். [அவசரப்படுகிறேன்.]

முடிவு இரண்டு: பூட்டிக்கொண்டது, அவள்... [முடியாது. எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.]

4

கடவுச்சொல்லைத் தட்டிவிட்டாள். இந்தத் திரையில் புள்ளிகூடத் தெரியாது.

“சரியா அடிச்சேனான்னு தெரியல அண்ணி. அழிச்சு அழிச்சு அடிச்சாச்சு. நான் தட்டமாட்டேன். என்டர நீங்க தட்டுங்க.”

“நானா? எனக்கு மயக்கமே வந்துடும்டி!”

இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். நானும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். வாசகரே, நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். தட்டுங்கள், சீக்கிரம்!