நம்ம ஆள்

எங்கள் மார்க்கத்தைப் பற்றி இந்த ஊரில் யார் யார் என்ன நினைக்கிறார்கள் என்பதை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து என் காதாலேயே கேட்டேன். கேள்வி போட்டவர் நீதிபதி. என் தம்பி முக்பிலின் வழக்குக்கு ஜூரி பொறுக்கிய நாள் அது. பன்னிரண்டு பேர் வேண்டும். அதற்காகக் கூடம் நிறைய ஆட்களை வரவழைத்து, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒவ்வொருவராக எழுப்பி விசாரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் முஸ்லிம், அது உங்கள் முடிவைப் பாதிக்குமா என்று.

வழக்கு என்னவோ சின்னதுதான். ஒஹாயோவில், ஏரிக்கரைத் தொழிற்சாலைகளுக்குப் பின்னால், எங்களுக்கு ஒரு மூலைக்கடை. பால், ரொட்டி, சிகரெட், ஹராம் ஹராம் என்று உம்மா திட்டிக்கொண்டே இருக்கிற லாட்டரிச் சீட்டு. போன மார்ச்சில் ஒரு சாயங்காலம் குடித்துவிட்டு வந்தவன் கழிவறை எங்கே என்று கேட்டிருக்கிறான். ரிப்பேர் என்று முக்பில் சொன்னான். உடனே ஒட்டகக்காரா, உன் நாட்டுக்குப் போடா என்று ஆரம்பித்து, சிப்ஸ் அடுக்கை உதைத்துத் தள்ளிவிட்டு, ஜாக்கெட்டுக்குள் கையை விட்டிருக்கிறான். முக்பில் ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியை எடுத்து ஒரே அடி. அவன் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. ஜாக்கெட்டுக்குள் இருந்தது போன்.

எங்கள் பெரியம்மா மகனைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபடியே சுட்டுக் கொன்று இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவனும் கடைக்காரன்தான், பக்கத்து ஊர். முக்பில்தான் அவனைக் குளிப்பாட்டி, கஃபன் போட்டு, குழியில் இறக்கினான். ஜாக்கெட்டுக்குள் போகிற கை அவன் கண்ணுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று நான் யாருக்கு விளக்க? கடைக் கேமராவில் முக்பிலின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. சத்தமும் கிடையாது.

பயந்து அடித்தானா, கோபத்தில் அடித்தானா. மொத்த வழக்கும் இதுதான். பயம் என்றால் வீட்டுக்கு வருவான். கோபம் என்றால் சிறை, சிறை முடிந்ததும் யெமனுக்கு விமானம். அவனிடம் இருந்தது பச்சை அட்டைதான், குடியுரிமை இல்லை. மனைவி இங்கே, முதல் வகுப்புப் படிக்கிற மகள் நஜூத் இங்கே. யெமனில் எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்குக் கூரையே இல்லை.

சரி, ஜூரிக்கு வருகிறேன். ஒரு பையன், தனக்குக் கருத்தே கிடையாது, எங்களில் ஒருத்தரைக்கூடத் தெரியாது என்றான். ஒரு டீச்சர், தன் அக்கா மகன் ஆப்கானிஸ்தானில் செத்துப்போனான், தன்னால் முடியாது என்று அழுதார். பாவம், அனுப்பிவிட்டார்கள். ஒரு பெரிய மனிதர் தன் பல் டாக்டர் முஸ்லிம் என்றும், அவர் ரொம்ப சுத்தம் என்றும் சொன்னார். இன்னொருத்தர், பெரும்பாலானவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் அந்தக் கெட்டவர்களை இவர்கள் சத்தமாகக் கண்டிப்பதில்லையே என்று குறைப்பட்டார். நாங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எவ்வளவு சத்தமாகக் கண்டிப்பது?

பூக்கடை வைத்திருக்கிற லோர்னா ஃபிட்ச் என்ற அம்மாள் எழுந்தார். துருக்கிக்குச் சுற்றுலா போனாராம். என்ன உபசாரம், என்ன அன்பு, முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு டீ கொடுத்தார்களாம். சொல்லும்போதே எங்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். துருக்கிக்காரன் கொடுத்த டீக்கு உம்மா இங்கிருந்து பதிலுக்குச் சிரித்தார். அந்த அம்மாளை ஜூரியில் வைத்துக்கொண்டார்கள்.

அப்புறம் வெர்னன் ஸ்டக்கி. லாரி மெக்கானிக், நகக்கண்ணில் கிரீஸ் ஏறிப்போன கிழவர்.

"எனக்கு அந்த மதம் பிடிக்காது. மறைச்சுப் பேசி என்ன ஆகப்போகுது? எங்க பக்கம் மசூதி வேண்டாம்னு கையெழுத்துப் போட்டவன் நான்" என்றார்.

கூடமே நெளிந்தது. அப்படியென்றால் நியாயமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது, அப்படித்தானே என்று நீதிபதி கேட்டார்.

"அது எப்படி? கடைக்குள்ள வந்தவன் கை எங்க இருந்துச்சு, அதைச் சொல்லுங்க முதல்ல. கடைக்காரன் பயந்தானாங்கிறதுக்கும் அவன் எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுறான்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? காலையிலேர்ந்து நானும் பார்க்கிறேன், அந்தக் கையைப் பத்தி ஒருத்தரும் கேட்கக் காணோம்."

சாட்சியமெல்லாம் பிறகு வரும் என்று நீதிபதி வாயை அடைத்து, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். சனியன் தொலைந்தது என்று நான் முணுமுணுத்தேன். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

அடுத்து எழுந்தவர் பேரைச் சொன்னதும் உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். டாக்டர் கனீம். எகிப்துக்காரராம், மருந்துக்கடை நடத்துகிறாராம். கோட், டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. புறநகரில் குவிமாடம் வைத்துக் கட்டிய பெரிய பள்ளிவாசல் ஆளாம். எங்கள் பள்ளிவாசல் ரயில் பாதை ஓரம், முன்னாளில் டயர் கடையாக இருந்தது. பெருநாளைக்குக்கூட அவர்கள் எங்கள் பக்கம் வருவதில்லை. ஆகையால் எங்களை அவருக்கும் அவரை எங்களுக்கும் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தோம், தெரிந்திருந்தால் அனுப்பிவிடுவார்களே.

உங்கள் மதத்துக்காரரைக் குற்றவாளி என்று சொல்வது கஷ்டமாக இருக்குமா என்று அரசு வக்கீல் கேட்டார்.

"கஷ்டமே இல்லைங்க" என்றார் கனீம். "சொல்லப்போனா, நம்ம ஆளுங்கிறதால இன்னும் ஒரு படி கண்டிப்பாத்தான் பார்ப்பேன். இந்த நாடு எனக்கு எல்லாம் கொடுத்திருக்கு."

அரசு வக்கீல் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்தாவது எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

எங்கள் வக்கீல் டயானுக்குப் புத்தி வந்தது. இடைவேளையில் தாழ்வாரத்தில் வைத்து, காரணம் சொல்லாமல் ஒருத்தரை விலக்குகிற வாய்ப்பு இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை இந்த மருந்துக்கடைக்காரருக்குச் செலவழிக்கலாம் என்றாள். அவர் பேச்சு தனக்கு ஒப்பவில்லை என்றாள். நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்துச் சிரித்தோம். வெள்ளைக்காரி, அவளுக்கு என்ன தெரியும்?

"அவர் நடிக்கிறார் டயான்" என்றான் முக்பில். "அப்படிச் சொன்னாத்தானே உட்கார விடுவாங்க? என்னமா அளந்தாரு பாரு. நம்ம ஆள். இருக்கட்டும்."

நானும் தலையாட்டினேன். கெட்டிக்காரர், எங்கள் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை பார்த்தாயா என்று உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

வழக்கு நடந்த நாளெல்லாம் அவர் திரும்பவே இல்லை. உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி, முக்பிலுக்கு முன்னால் அவருக்குத்தான் துஆ கேட்டார். அந்தக் கண்ணாடி போட்ட பிள்ளையின் நாவில் உண்மையை வை, அவன் மனசைத் திடப்படுத்து என்று. நஜூத்கூட ஆமீன் சொல்லப் பழகிவிட்டாள்.

குற்றவாளி என்றார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே வாயாக. லோர்னா ஃபிட்ச் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கனீம் அமெரிக்கக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்பில் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஷட்டருக்கு எண்ணெய் விடணும் அக்கா, இறுகிப்போச்சு" என்றான். அதற்குள் விலங்கு மாட்டிவிட்டார்கள்.

சில நாள் கழித்து டயான் கடைக்கு வந்தாள். லோர்னா அம்மாள் அவளைத் தேடிப்போய், உள்ளே நடந்ததையெல்லாம் சொல்லி அழுதிருக்கிறார். தீர்ப்புக்கு அப்புறம் ஜூரிக்காரர்கள் பேசலாமாம். முதல் ஓட்டில் மூன்று பேருக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. பயத்தில்தான் அடித்திருப்பான் என்று லோர்னாவே சொல்லியிருக்கிறார். ஒருத்தர் மறுத்தாலும் தீர்ப்பு நிற்காது. அப்போது எல்லோரும் கனீமைப் பார்த்திருக்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமே, நீங்கள் சொல்லுங்கள் என்று.

அந்தப் பக்கத்து ஆம்பளைகள் பயப்பட மாட்டார்கள், அவர்களுக்கு மானம்தான் பெரிது, வாய் தவறி ஒரு சொல் விழுந்தால் கை நீளும் என்று சொல்லியிருக்கிறார் அந்த மகானுபாவர். யெமன் மண்ணை மிதிக்காத மனிதர். எங்கள் ஆம்பளைகளின் பயத்தை அவர் எங்கே அளந்து பார்த்தார்? பெரியம்மா மகனை அடக்கிவிட்டு வந்து தம்பி ஒரு மாதம் தூக்கத்தில் அலறியதை நான் பார்த்தேன்.

"இதை நான் சொல்லியிருந்தா அது துவேஷம். அவரே சொல்றப்ப மறுத்துப் பேச நான் யாரு?" என்று லோர்னா அழுதாராம். மற்ற இரண்டு பேரும் அதோடு கையைத் தூக்கிவிட்டார்கள். துருக்கி டீயின் மரியாதை அவ்வளவுதான்.

மேல்முறையீட்டில் பார்க்கலாம் என்று டயான் சொன்னாள், முகத்தில் நம்பிக்கை இல்லை. அந்த ஆளிடம் மட்டும் போய்விடாதே என்று என்னிடம் தனியாக எச்சரித்தாள். மறுநாள் மத்தியானமே போனேன்.

பெரிய கடை. எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி. என் முறை வந்ததும் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி அஸ்ஸலாமு அலைக்கும் என்றேன். கனீம் நிமிர்ந்தார். அடையாளம் தெரிந்துவிட்டது, முகம் செத்துவிட்டது. முதலில் என் தோளுக்குப் பின்னால் நின்றவர்களைத்தான் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில், ஹலோ, என்ன வேண்டும் என்றார். நான் நகராமல் இன்னொரு முறை சலாம் சொன்னேன். உதடு மட்டும் அசைய ஏதோ முனகினார். மருந்து விளக்கிச் சொல்கிற ஓரத்து ஜன்னலுக்கு வரச்சொல்லிச் சைகை காட்டினார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்றேன் அரபியில். "அவன் கோபத்துலதான் அடிச்சான்னு நீங்க நிஜமா நம்பினீங்களா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியலம்மா. சத்தியமா எனக்குத் தெரியல."

"தெரியலன்னா விடுதலைதானே? சந்தேகம் இருந்தா விட்டுடணும்னு நீதிபதி படிச்சுப் படிச்சுச் சொன்னாரே."

"பதினோரு பேரும் என் வாயையே பார்த்துட்டிருந்தாங்க. தெரியலன்னு அவங்க சொன்னா அது சந்தேகம். நான் சொன்னா? தன் ஆளைக் காப்பாத்துறான்னு ஆயிடும். முப்பது வருஷமா இந்த கவுண்டர்ல நிக்கிறேன். அப்படி ஒரு பேரு மட்டும் எடுத்ததில்ல."

உங்கள் பேருக்கு என் தம்பிதான் கிடைத்தானா என்று கேட்டேன். "எங்க மதமே பிடிக்காதுன்னு சொன்னாரே ஒரு கிழவர், அவர் உங்க நாற்காலில உட்கார்ந்திருந்தா என் தம்பி இப்ப கடையில இருந்திருப்பான். அவருக்கு யாருக்கும் எதையும் காட்டணும்னு இல்ல."

அதற்குள் வரிசையில் நின்ற கிழவி, அவசரமாம், ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தார். கனீம் சட்டென்று நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு நாளைக்கு ரெண்டு வேளை, சாப்பிட்டதுக்கு அப்புறம்" என்றார் என்னைப் பார்த்து, நல்ல ஆங்கிலத்தில், கிழவிக்கும் கேட்கிற மாதிரி. "மயக்கமா இருந்தா வண்டி ஓட்டாதீங்க."

என் கையில் மருந்தே இல்லை. நான் எதையும் வாங்கவே இல்லை. அவருக்கு அப்படி ஒரு பழக்கம். காறித் துப்பிவிட்டு வந்திருக்கலாம். துப்பினால், பாருங்கள், இவர்களுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான் என்று அந்தக் கிழவியும் தெரிந்துகொள்வார். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது உம்மா அஸர் தொழுது முடித்துக் கையேந்தியிருந்தார். ஜூரி அறைக்குள் நடந்தது எதையும் நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல யாருக்கு மனசு வரும்? பக்கத்தில், முக்பிலின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நஜூத் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"யா அல்லாஹ்" என்றார் உம்மா. "அந்த மருந்துக்கடைப் பிள்ளை எங்களுக்காக எவ்வளவோ மன்றாடியிருப்பான். தனி ஆளு, பதினோரு பேரும் சேர்ந்து அமுக்கியிருப்பாங்க. அவனுக்கு ஒரு குறையும் வைக்காதே. அவன் பிள்ளைங்களை அவன் கண் முன்னாடியே வாழ வை."

உம்மா கையை இறக்காமல் காத்திருந்தார். கடைசியில் நஜூத்தான் சத்தமாக ஆமீன் சொன்னாள்.