இரண்டு ஆன்டிவைரஸும் மூன்றாவது மாப்பிள்ளையும்

எகிப்தின் போர்ட் சைதில் பெண் கேட்டுப் போகிறவனுக்கு இஸ்திரி போட்ட சட்டை வேண்டும், கையில் கேக் பெட்டி வேண்டும், பக்கத்தில் தாயார் வேண்டும். ஹைதமிடம் மூன்றும் இருந்தன. போதாததற்கு நெர்மின் அனுப்பிய எச்சரிக்கையும் ஃபோனில் இருந்தது: அப்பா என்ன சொன்னாலும் கம்ப்யூட்டரைத் தொடாதே.

அவள் பயந்ததில் தப்பில்லை. இவனுக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்த பல் டாக்டர், அந்தக் கம்ப்யூட்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்தக் குப்பை ஆன்டிவைரஸை எவன் போட்டான் என்று கேட்டுத் தொலைத்தார். போட்டவர் எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சம்பந்தம் அன்றோடு முறிந்தது. பல் டாக்டர் போனதில் நெர்மினுக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஹைதம் போய்விட்டால் அவளால் தாங்க முடியாது. அவனாலும் முடியாது.

அவள் அப்பா ஹாஜி ஃபிக்ரி, சூயஸ் கால்வாயில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மலை மாதிரிக் கப்பல்களையெல்லாம் கயிறு கட்டி இழுத்த மனிதருக்கு, மாப்பிள்ளைகளிடம் ‘வேண்டாம்’ என்று சொல்ல மட்டும் வாய் வராது. மூத்த மாப்பிள்ளை ஷவ்கி மருந்துக் கடைக்காரர். உலகத்திலுள்ள நோயெல்லாம் தன் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று நினைப்பவர். வைரஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அதுவும் தன் இலாகாதான் என்று ஒரு ஆன்டிவைரஸைக் கொண்டுவந்து போட்டார். இரண்டாவது மாப்பிள்ளை ரிதா சுங்க அதிகாரி. அடுத்தவர் சோதித்ததை மறுபடியும் சோதித்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அவர் பங்குக்கு இன்னொன்றைப் போட்டார். ஒன்றை எடுத்தால் ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், மற்றதை எடுத்தால் மற்றவர். அதனால் இரண்டும் இருந்தன. கம்ப்யூட்டர்தான் இல்லாமல் போயிற்று. பிற்பகல் அசர் தொழுகைக்கு முன் அதை முடுக்கிவிட்டால், தொழுது முடித்துத் தேநீரும் குடித்த பிறகுதான் திரை வெளுக்கும்.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு நல்லபடியாக முடிந்தது. பெண்கள் உள்ளறைக்குப் போனார்கள். ஹாஜி பல் குத்திக்கொண்டே, தம்பி இன்ஜினியராமே என்று ஆரம்பித்தார். அவர் கை கம்ப்யூட்டர் இருந்த மூலையைக் காட்டியது. ஹைதம் வேலை பார்ப்பது நகராட்சிச் சாக்கடை நீரேற்று நிலையத்தில். ஆனால் இந்த ஊரில் இன்ஜினியர் என்றால் இன்ஜினியர்தான். பாலம் கட்டினாலும் சாக்கடை இறைத்தாலும், பக்கத்து வீட்டு டி.வி. கெட்டால் கூப்பிட்டுவிடுவார்கள்.

எழுந்து போக முடியாது, மறுக்கவும் முடியாது. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் சகலைகள் ஷவ்கியும் ரிதாவும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நெர்மின் கதவோரம் நின்று, கண்ணாலேயே அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மின்விசிறி உள்ளே இரைந்தது. திரையின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பி, ஆபத்து என்றது. அதை மூடினால் அதன் மேலேயே மஞ்சள் பெட்டி ஒன்று எழும்பி அதுவும் ஆபத்து என்றது. ஹைதம் முதலில் இன்டர்நெட் வயரைப் பிடுங்கினான். பிறகு எந்த புரோகிராம் எவ்வளவு சக்தியைத் தின்கிறது என்ற கணக்கைத் திறந்து பார்த்தான். விஷயம் புரிந்தது. ஷவ்கியின் சரக்கு ஒரு ஃபைலைத் திறந்து சோதிக்கும். யாரோ ஃபைலைத் திறக்கிறான் என்று ரிதாவின் சரக்கு அதன்மேல் பாயும். பாய்ந்தவனைப் பிடிக்க முதலாவது திரும்பப் பாயும். அவன் நிலையத்தில் ஒரே குழாயில் இரண்டு பம்ப்பை எதிரெதிராக மாட்டினால் நடக்கும் கூத்தேதான்.

“என்ன தம்பி, யாரோடது கெட்டுப் போயிருக்கு?” என்றார் ஷவ்கி, மிகவும் பொதுவாகக் கேட்பது போல.

ஹைதம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ரெண்டுமே கெடலண்ணே. ரெண்டும் ரொம்பக் கண்டிப்பு. ஒண்ணை ஒண்ணு திருடன்னு பிடிச்சு உள்ள போட்டிருக்கு.”

இருவருக்கும் உச்சி குளிர்ந்தது. எது முதலில் பிடித்தது என்று ரிதா கேட்டார். அந்தக் கேள்வி ஹைதமின் காதில் விழவே இல்லை.

இரண்டையும் எடுத்தால்தான் மெஷின் பிழைக்கும், கம்ப்யூட்டரோடு வந்த சொந்தக் காவலே போதும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னான். அது யாரும் வாங்கிக் கொடுத்ததல்ல. ஆனாலும் வீட்டுக்கு வெளியாளான தன் கை அவர்கள் போட்டதன்மேல் படக்கூடாது, அவரவர் போட்டதை அவரவரே எடுத்தால்தான் மரியாதை என்றான். அதற்கு முன், பிடித்த ஃபைல்களை அவை அடைத்துவைத்திருக்கும் சிறைக்குள் யார் யார் கிடக்கிறார்கள் என்று பார்த்து, நல்லவர்களை வெளியே விட வேண்டும். இல்லாவிட்டால் சிறையோடு சேர்ந்து அவர்களும் போய்விடுவார்கள்.

சிறையைத் திறந்தார்கள். சகலைகள் இருவரின் சரக்குகளும் பாதி பாதியாக ஒன்றின் பிடியில் ஒன்று கிடந்தன. கூடவே ஹாஜியின் தாவ்லா ஆட்டமும் கிடந்தது. பகடை உருட்டிக் காய் நகர்த்தும் அந்த ஆட்டத்தைப் பழைய படகு நண்பர் ஒருவர் சி.டி.யில் போட்டுக் கொடுத்திருந்தார். அது காணாமல் போனதிலிருந்து, தூசி தட்டுகிறேன் என்று நீதான் அழித்தாய் என ஹாஜி தன் மனைவி சனிய்யாவைக் கரித்துக் கொட்டாத நாள் கிடையாது. சனிய்யா அம்மாள் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். புருஷனை மட்டும் நிதானமாகப் பார்த்தார். ஹாஜி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹைதம் தாவ்லாவைச் சிறையிலிருந்து வெளியே விட்டான்.

யார் முதலில் எடுப்பது என்பதில் சிக்கல் வந்தது. பெரியவன்தான் கடைசியில் என்றார் ஷவ்கி. அரசாங்க ஆள்தான் கடைசியில் என்றார் ரிதா. நெர்மின் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்து, வயசில் பெரியவர் முதலில், பதவியில் பெரியவர் அடுத்து என்று சொல்லிவிட்டு மறுபடி கதவோரம் போய் நின்றாள். இருவரும் தனக்குத்தான் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஷவ்கி ‘நீக்கு’ என்பதை அமுக்கினார். எங்களை ஏன் விட்டுப் பிரிகிறீர்கள் என்று அது கேட்டது. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதட்டுமா என்றுகூட ஹைதமைக் கேட்டார். கம்ப்யூட்டர் ஒருமுறை அணைந்து எழுந்தது. ரிதா தன்னுடையதை ஒரே தட்டில் எடுத்தார். மறுபடி அணைந்து எழுந்தபோது, சொந்தக் காவல் தானாகவே விழித்துக்கொண்டது. ஹைதம் வயரை மாட்டி அதற்குப் புதுத் தகவல்களை இறக்கி, முழு ஸ்கேன் ஓடவிட்டான். தாவ்லாவில் வைரஸ் என்று அது சொல்லிவிட்டால் தன் கல்யாணமும் அதோடு சரி என்று அவனுக்குத் தோன்றியது. ஸ்கேன் முடிந்தது. குற்றம் ஒன்றுமில்லை.

ஹாஜி உட்கார்ந்து தொட்டவுடன் ஆட்டம் திறந்தது. அவர் ஒரு பகடை உருட்டினார், இன்னொன்றும் உருட்டினார். பிறகு திரும்பாமலேயே கேட்டார்.

“இப்ப உண்மையச் சொல்லு. இந்தக் கோளாறுக்கெல்லாம் யாரு காரணம்?”

சகலைகள் இருவரும் முன்னால் குனிந்தார்கள். கதவோரம் நெர்மின் கண்ணை மூடிக்கொண்டாள். ஹைதம் யோசித்தான். பொய் சொல்லித் தப்பித்தால் ஆயுள் முழுக்க இந்த வீட்டில் பொய்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

“தனித்தனியா வச்சா ரெண்டுமே நல்லதுதான் மாமா. ரெண்டையும் ஒரே வாசல்ல நிறுத்தினது நீங்க.”

இத்தனை வருஷமாக ஷவ்கி, ரிதா இருவர் நெஞ்சிலும் இருந்ததும் இதுதான். சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஹாஜி நாற்காலியோடு திரும்பினார். முகம் சிவந்திருந்தது. அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“வெளியாளு யாரு என்னைக் குத்தம் சொல்லுவா? வீட்டு ஆளுதான் சொல்லுவான்.” உள்ளறைப் பக்கம் குரல் கொடுத்தார். “சனிய்யா, சம்பந்தியம்மாவக் கூட்டிக்கிட்டு வா. சம்பந்தம் உறுதின்னு ஃபாத்திஹா ஓதிடலாம்.”

எல்லோரும் கையேந்தி ஓதினார்கள். ஆமீன் சொன்னபோது ஹைதமின் குரல் உடைந்தது. அவன் அம்மா அழுதார். நெர்மின் அழவில்லை, சிரித்தாள். அவ்வளவு சந்தோஷத்தை அவன் அதற்கு முன் அனுபவித்ததில்லை.

ஷவ்கி அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அந்தக் கட்டலில் பாசத்தைவிட நிம்மதிதான் அதிகம்.

“வாங்க சகலை,” என்றார் காதோரம். “எத்தனையோ வெள்ளிக்கிழமை இந்த மெஷினோட எங்களுக்குப் போச்சு. இனிமே நாங்க மீனைத் தின்னுட்டுத் தூங்குவோம். இது உங்க பாடு.”