மாத்திரைப் புட்டியில் பிரைமர்

ஹோபர்ட் லுண்ட் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். மாத்திரைப் புட்டியைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தான். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ள உலகத்தில் எல்லோரும் செய்கிற காரியம். ஆனால் அந்தப் புட்டியில் இருந்தது மாத்திரை இல்லை, பிரைமர். தோட்டாவின் பின்பக்கத்தில் உட்காரும் சின்ன உலோகக் கிண்ணம் அது. துப்பாக்கியின் ஊசி தட்டியதும் தீ கக்கும். அந்தத் தீயில் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து எரிந்து குண்டு பறக்கும். ஒரு பிரைமர் தனியாக வெடித்தால் கை சுடும், காது இரையும், அவ்வளவுதான். புட்டி நிறைய ஒன்றாக வெடித்ததில் ஹோபர்ட்டுக்கு ஒரு காதும் ஒரு கண்ணும் போயின, விரல்களும் போயின.

அந்தப் புட்டியைக் கொடுத்தவர் டெல்மர் பிரூவிட்.

நல்ல மனதோடுதான் கொடுத்தார், அதில் சந்தேகமில்லை. அந்தக் குளிர்காலத்தில் மொன்டானா முழுக்க எந்தக் கடையிலும் பிரைமர் இல்லை. வீட்டிலேயே தோட்டா கட்டுகிறவர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். டெல்மருக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு பெட்டி அகப்பட்டது. ஊருக்குத் தெரிந்தால் வாசலில் கூட்டம் கூடிவிடும். அதனால் பழைய சிநேகிதர்கள் இரண்டு பேருக்கு மட்டும், காபிக் கடையில் மேஜைக்கடியில், யாருக்கும் தெரியாமல் நீட்டினார். பிரைமர் அடுக்கி வரும் தட்டோடு கொடுத்தால் பார்க்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். அவருடைய இரத்தக்கொதிப்பு மாத்திரைப் புட்டிகள் வீட்டில் குவிந்து கிடந்தன. இரண்டு காலிப் புட்டிகளில் பிரைமரை லேபிளின் மேல்விளிம்பு மட்டத்துக்குக் கொட்டி மூடினார். ஆளுக்குச் சமமாக இருக்க வேண்டுமே! கிழவன் மாத்திரை கொடுப்பதை எவன் சந்தேகப்படுவான்?

கம்பெனிக்காரன் ஒவ்வொரு பிரைமரையும் தட்டில் தனித்தனிக் குழியில் படுக்க வைத்து அனுப்புவது அழகுக்காக இல்லை. ஒன்றோடொன்று உரசக் கூடாது, ஒன்று வெடித்தாலும் மற்றது வெடிக்கக் கூடாது என்பதற்காக. கொட்டாதே என்று பெட்டி மேலேயே எழுதியும் இருக்கிறது. நாற்பது வருஷமாகத் தோட்டா கட்டுகிறவருக்கு அதைப் படிக்க வேண்டிய அவசியம் என்ன? தன் பங்கை மட்டும் தட்டிலேயே வைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் துணை ஷெரீஃப் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். இளம்பெண், ஆனால் குரலில் கறார்.

"மிஸ்டர் பிரூவிட், இந்த மாதிரிப் புட்டி வேற யார்கிட்டயாவது இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. அவங்க தொட வேண்டாம், நகத்தவும் வேண்டாம். எங்க ஆளுங்க வந்து எடுத்துக்குவாங்க. யாரையும் குத்தம் சொல்ல நான் கேக்கல."

"வேற ஒண்ணும் இல்லம்மா," என்றார் டெல்மர்.

அவமானம்தான் காரணம். சிநேகிதன் கண்ணைப் பிடுங்கியவன் என்ற பேர் ஒரு வீட்டோடு போகட்டும் என்று நினைத்தார். ஆரின் வாசெக்கிடம் இருக்கும் இன்னொரு புட்டியைத் தானே போய் வாங்கிவந்து தொலைத்துவிட்டால் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

ஆரின் மனைவியை இழந்தவன். மலையடிவாரத்தில் தனி வீடு. டெல்மர் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு கார்ப்பெட்டில் நடந்து, அடுப்பங்கரைக் கதவுக் குமிழைத் தொட்டார். கம்பளி உரசி உடம்பில் ஏறிய மின்சாரம் சுரீரென்று பொறி தட்டிற்று. கையை உதறினார்.

ஆரின் சிரித்தான். "பனிக்காலம் பூரா இந்த வீட்டுல எனக்கு இதே பூசைதான். பூனைகூட என்னைத் தொடமாட்டேங்குது. உக்காரு. மான் கறி இருக்கு, திங்கறியா?"

"திங்க வரலடா. அந்தப் புட்டியக் குடு."

"எந்தப் புட்டி?"

"நான் குடுத்தது. பிரைமர்."

ஆரின் கரண்டியைக் கீழே வைத்தான். "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியா? நாய்க்குப் போட்ட எலும்பைக்கூட எவனும் திருப்பிக் கேக்கமாட்டான்டா டெல்."

"ஹோபர்ட் ஆஸ்பத்திரில கெடக்கான்." டெல்மர் விஷயத்தைச் சொன்னார்.

ஆரின் விறகடுப்புக்கு மேலே ஜன்னல் விளிம்பைக் காட்டினான். அங்கே உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது புட்டி. எடுக்க நீண்ட ஆரினின் கையை டெல்மர் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டிடாதே! நானே எடுக்கறேன்."

துண்டில் ஏந்தி, மூச்சை அடக்கிக்கொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போய், விறகுக் குவியலுக்கு அப்பால் பனியில் வைத்தார். வைத்துவிட்டு நிமிரும்போதுதான் கண்ணில் பட்டது. மட்டம் லேபிள் விளிம்பில் இல்லை. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஆரின் வேட்டைக்கே போகவில்லை, முட்டி வலி.

உள்ளே வந்தார். "மீதி எங்கடா?"

"ஓ, அதுவா? உன் மகன் வந்திருந்தான்."

"கோல்பியா?"

"வேற எத்தனை மகன் உனக்கு? ஃப்ரீசர்ல கறி இல்ல, பெண்மானாவது அடிக்கலாம்னா தோட்டா இல்லேன்னான். அப்பாகிட்டக் கேட்டேன், ஒண்ணும் இல்லேன்னுட்டாருன்னான். பாவமா இருந்துச்சு. அவன் வண்டியில குழந்தை சாப்பாட்டுக் கண்ணாடிப் புட்டி ஒண்ணு கெடந்துச்சு, அதுல பாதியக் கொட்டிக் குடுத்தேன்."

"என் சரக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன். ஏன், சொல்லக் கூடாதா?" ஆரின் அவர் முகத்தைப் பார்த்தான். "டேய். பெத்த பிள்ளைக்கு இல்லேன்னு எனக்குக் குடுத்தியா?"

உண்மை அதுதான். விருந்து மேஜையில், மருமகள் முன்னால், கோல்பி வாய்விட்டுக் கேட்டான். ஒண்ணுகூட இல்லை என்று இவர் உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோல்பி குதிரைக்கு லாடம் அடிக்கிறவன்; எதிலும் அவசரம், எதிலும் அலட்சியம் என்பது இவர் தீர்ப்பு. பதினாறு வயதில் வேலியில் வண்டியை மோதியவனை இன்றுவரை அந்த வேலியோடு சேர்த்தே பார்க்கிறார். அவன் கையில் பிரைமரைக் கொடுத்தால் வீட்டையே கொளுத்திவிடுவான் என்று நினைத்தார். ஊருக்கெல்லாம் நல்லவராக இருக்கிற சில அப்பன்கள் வீட்டுக்குள் இப்படித்தான்.

வண்டியில் ஏறி மகனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார், மணி அடித்து அடித்து நின்றது. யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவன் கைக்குழந்தைக்காரன். மகள் ஹேட்டி இப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறாள், கைக்கு எட்டியதையெல்லாம் இழுத்துப் போடுகிறாள். கண்ணாடிப் புட்டி, மேஜை விளிம்பு, குழந்தைக் கை. டெல்மருக்கு ஓட்டும்போதே அழுகை வந்தது. "ஆண்டவரே, அந்தக் குழந்தையை மட்டும்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே பனியில் வண்டியை விரட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது மருமகள் மார்னி வண்டியில் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். ஹேட்டி பின்சீட்டில் தன் நாற்காலியில் கட்டுண்டு, தொப்பியும் கன்னமுமாகத் தூங்கினாள். டெல்மருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"மாமா, எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறோம்," என்றாள் மார்னி. முகம் கொடுக்கவில்லை. "அவர் உள்ள இருக்கார். பின்னறையப் பூட்டிட்டு வரேன்னு போனார்."

டெல்மர் பூட்ஸைக் கழற்றினார். எந்த அவசரத்திலும் மருமகள் கார்ப்பெட்டைப் பனியால் நனைக்காத பழக்கம். கூடத்தைக் கம்பளிக் காலுறையோடு விறுவிறுவென்று தேய்த்து நடந்து கடந்தார். பின்னறைக் கதவு திறந்திருந்தது. கோல்பி மேஜைக்கு முன்னால் நின்றான். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் தடிமனான பாதுகாப்புக் கண்ணாடியை அணிந்திருந்தான். மேஜைமேல், தகர மூடி போட்ட குழந்தை உணவுப் புட்டி. உள்ளே பாதிக்குப் பிரைமர் மின்னிற்று.

"அங்கயே நில்லுப்பா," என்றான் கோல்பி.

"அதை ஆட்டினியா?"

"வாங்கிட்டு வந்து வெச்சதோட சரி, தொடல. கொட்டி வெச்ச பிரைமரை எவன் தொடுவான்? ஹோபர்ட் மாமா விஷயம் காதுல விழுந்ததும் ஷெரீஃப் ஆபீஸுக்குப் போன் பண்ணிட்டேன். நகத்தாதே, வீட்டை விட்டு வெளிய போ, வந்துட்டே இருக்கோம்னாங்க."

"வராங்களா? இங்கயா?"

"ஆமா."

டெல்மர் நெஞ்சில் குழந்தைக்கான பயம் இறங்கிய இடத்தில் வேறொரு பயம் ஏறி உட்கார்ந்தது. வேற ஒண்ணும் இல்லம்மா என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளே இந்த வாசலில் வந்து நிற்கப்போகிறாள்.

"யார்கிட்டயிருந்து வந்துச்சுன்னு சொன்னியா?"

கோல்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உன் கவலை அதுதானா? எனக்கு ஒண்ணுகூட இல்லேன்னியே, ஏம்ப்பா? அதைச் சொல்லு முதல்ல."

"உன் கையில குடுக்கப் பயமா இருந்துச்சுடா. நீ கவனமா இருக்கமாட்டேன்னு..."

"நான் இந்த மேஜையில உக்கார்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உடம்புல ஏறின மின்சாரம் இறங்கட்டும்னு அதோட இரும்புக் காலைத் தொட்டுட்டு உக்கார்றேன். நீ ஒரு நாள் தொட்டிருக்கியா?"

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். டெல்மர் பதறினார். எடுத்து வெளியே பனியில் வைத்துவிடலாம், ஆரின் வீட்டில் வைத்தது போல; அவள் வரும்போது ஒன்றுமிருக்காது. இரண்டே எட்டில் மேஜையை நெருங்கிக் கையை நீட்டினார்.

"தொடாதேப்பா!"

கோல்பி பாய்ந்து குறுக்கே கையை நீட்டினான். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கத்தான் நீட்டினான். டெல்மரின் விரல்நுனிக்கும் தகர மூடிக்கும் நடுவே, ஆரின் வீட்டுக் கதவில் தட்டிய அதே பொறி தட்டிற்று. அதற்குமேல் டெல்மர் எதையும் பார்க்கவில்லை.

*

இருட்டு. மருந்து வாசனை. முகம் முழுக்கக் கட்டு. வலது கை எங்கோ தூரத்தில் எரிந்தது. கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னதை டெல்மர் பாதியோடு கேட்பதை நிறுத்திவிட்டிருந்தார்.

"கோல்பி?"

"இங்கதான்பா இருக்கேன்."

"குழந்தை?"

"வண்டியிலதான இருந்தா. ஒண்ணும் ஆகல. சத்தத்துல எழுந்து அழுதா, அவ்வளவுதான்."

"உன் கண்ணு?"

"கண்ணாடி போட்டிருந்தேன்."

டெல்மர் இடது கையைப் போர்வைமேல் துழாவினார். ஒரு கை வந்து அதில் படிந்தது. தடித்த தோல், சூடு, காய்ப்பு. இடது கை.

"இது இல்லடா. அந்தக் கை."

நாற்காலி நகர்ந்தது. துணி சுற்றிய ஒன்று டெல்மரின் உள்ளங்கையில் மெல்ல வந்து அமர்ந்தது. டெல்மர் தடவிக்கொண்டே போனார். முழங்கைக்குக் கீழே திரண்ட தசை, மணிக்கட்டு, அதற்கப்பால் துணிப்பந்து. விரல் இருக்க வேண்டிய இடத்தில் அவர் கை வெறும் படுக்கையைத் தொட்டது. சுத்தியல் பிடிக்கிற கை அது. அவர் அந்தக் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். கண்ணீர் வரவேண்டிய இடம்தான் எரிந்தது.

"அழாதேப்பா. அந்த ஷெரீஃப் பொண்ணு வெளிய நிக்கறா. இன்னும் யாருக்காவது குடுத்திருக்கியான்னு கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

டெல்மர் வாயைத் திறந்தார். பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"உள்ள வரச் சொல்லு," என்றார். "ஆரின் வீட்டு விறகுக்குப் பின்னால, பனியில இன்னும் ஒண்ணு இருக்கு."