ஒரு குழாய் எச்சில்

விடிந்ததிலிருந்து லியனார்ட் கோட்டைக் கழற்றவேயில்லை. மகள் ஷெரோமியின் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. இப்போது வயிற்றுப் பக்கம் பொத்தான் எட்டவில்லை, பூச்சி உருண்டை வாசம் வேறு. அந்தக் கோலத்திலேயே அக்கரப்பத்தனை கடைவீதி வரை போய் கேக் வாங்கி வந்தார். அங்கே சும்மா விடுவார்களா?

“என்ன தொர, சீமையிலேருந்து சித்தப்பா மகன் வாராராமே?” என்று கடைக்கார பக்கீர் நானா கேட்டிருக்கிறார். இவர், “ஆமா நானா, ரத்தம் எங்க போகும்?” என்று சொல்லிவிட்டு வந்து, அதை என்னிடமும் பெருமையாக ஒப்பித்தார். கட்டிக்கொண்ட பாவத்துக்கு நானும் கேட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரின் முழுப்பெயர் லியனார்ட் பென்ரோஸ். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் மற்ற எல்லோருக்கும் அப்பன் பெயர்தான் பின்னால் வரும், அடுத்த தலைமுறையில் அது மாறிவிடும். இவர் குடும்பத்துக்கு மட்டும் தாத்தா காலத்திலிருந்து மாறாத ஒரே வால். வெள்ளைக்காரன் காலத்தில் பென்ரோஸ் என்று ஒருவன் இங்கே பெரிய துரையாக இருந்தானாம். அவனுக்குப் பிறந்தவர்தான் தன் தாத்தா என்பது இவர் கட்சி. மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு வேலை பார்த்த காலமெல்லாம் கொழுந்து பறிக்கிற பெண்களை விரட்டும்போது, “நான் யாரு பேரன் தெரியுமா?” என்றுதான் ஆரம்பிப்பார். அவர்களும் தலையை ஆட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சிரிப்பார்கள். நானும் அந்த மலையில் கொழுந்து எடுத்தவள்தான். சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

உண்மையை என் மாமியார் வேலாயி சாகக் கிடந்தபோது சொன்னார். “ஏ ராசம்மா, ஒம் மாமனாரோட அப்பன் பங்களா குசினியில கோழி உரிச்ச ஆளுடி. தொர வீட்டுச் சமையக்காரங்கிறதால பென்ரோஸ் அப்பு, பென்ரோஸ் அப்புன்னு கூப்புட்டாங்க. பேர் பதியறப்ப ஆபீஸ் கிளாக்கரு அதையே எழுதிப்புட்டான். மாட்டுக்குச் சூடு வச்ச மாதிரி. இந்தப் பய என்னமோ கிரீடம்னு தூக்கிக்கிட்டு அலையிறான்.”

லியனார்ட் அப்போது வாசலில்தான் நின்றார். குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். ஆக, அவருக்குத் தெரியும். தெரிந்தும்தான் இந்தக் கோட்டு.

ஷெரோமி ஹட்டனில் இங்கிலீஷ் படிப்பிக்கிறாள். அவள் பெயரை எப்படியோ பேஸ்புக்கில் கண்டுபிடித்துத்தான் இந்த றிச்சர்ட் பென்ரோஸ் வந்தான். உலகத்தில் பென்ரோஸ் என்று எவன் இருந்தாலும் தேடிப்போய்ப் பார்க்கிறானாம். பென்ஷன் வாங்கிய பிறகு அங்கே அவர்களுக்கு வேறு வேலை இல்லை போலிருக்கிறது. வாடகை வான் வண்டியிலிருந்து இறங்கியவன் வெயிலில் வெந்த கழுத்தோடு உள்ளே வந்து, வண்ணக் கோடு போட்டு வம்சத்தை எழுதிய ஒரு காகிதத்தைப் பாய் அகலத்துக்கு மேசையில் விரித்தான். கேக் தட்டை நான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அவன் சொல்லச் சொல்ல ஷெரோமி தமிழில் சொன்னாள். இங்கிலாந்தின் மேற்குக் கோடியில் கோர்ன்வால் என்று ஒரு பக்கமாம். அங்கத்தைய பழைய பாஷையில் பென் என்றால் முனை, ரோஸ் என்றால் மேட்டுத் தரை. மேட்டுத் தரையின் முனையில் குடியிருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்ததாம்.

“அட, நம்ம மேட்டு லயத்து வீட்டுக்காரங்க மாதிரி” என்றேன். “இதுக்கா இம்புட்டுப் பெரிய கடதாசி?”

ஷெரோமி அதை மொழிபெயர்க்கவில்லை.

பிறகு அங்கே தகரம் வெட்டுகிற சுரங்கங்கள் மூடிப்போக, பென்ரோஸ்கள் ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பல் ஏறினார்களாம். ஒருவன் இலங்கைக்கு வந்தான். அதைச் சொல்லும்போது றிச்சர்டின் கண் கலங்கியது. பஞ்சம் பிழைக்க வந்ததை அவன் சொன்னால் வரலாறு. திருச்சிப் பக்கமிருந்து எங்கள் ஆட்கள் வந்ததும் அதே வயிற்றுக்காகத்தான். மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து, நடந்த இடத்திலேயே விழுந்து செத்தவர்களுக்கு யாரும் வண்ணக் கோடு போட்டுக் காகிதம் விரிக்கவில்லை. வந்து சேர்ந்ததும் அவனுக்குக் குதிரை கொடுத்தார்கள், எங்களுக்குக் கூடை கொடுத்தார்கள்.

“நான் அவருக்குத் தம்பி மொற வேணும்னு சொல்லும்மா” என்றார் லியனார்ட்.

றிச்சர்ட் சிரித்தான். நல்ல சிரிப்புத்தான், குறை சொல்ல முடியாது. பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்தான்.

“இதுல எச்சில் துப்பணுமாம் அப்பா. அவங்க நாட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதிப்பாங்களாம். ஒரே ஆம்பளை வழியில வந்தவங்களான்னு தெரிஞ்சிருமாம். ஆமான்னு வந்தா இந்தக் கடதாசியில உங்களுக்கும் கோடு போட்டு அனுப்புவாராம்.”

“இல்லன்னு வந்தா?” என்று நான்தான் கேட்டேன்.

ஜன்னலில் அடைத்துக்கொண்டு நின்ற லயத்து ஆட்களில் சிவசாமி கத்தினான்: “துப்புங்க தொர! ஒரே துப்புல சீமைக்குப் போயிரலாம்!” வெளியே சிரிப்பு வெடித்தது.

லியனார்டின் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று வந்தால் இதே ஜன்னலில் இதே கூட்டம் நிற்கும். துப்பமாட்டேன் என்றால் இப்போதே தெரிந்துபோகும். அவர் மெதுவாகக் கையை நீட்டி, குழாயை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த தேத்தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

றிச்சர்ட் கையை உயர்த்தினான். குடித்தால் அரை மணி நேரம் பொறுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் சோதனை கெட்டுவிடுமாம். பொறுத்தோம். அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குழாயின் மூடியைத் திறக்கிற நேரத்தில் லியனார்ட் மறுபடியும் ஒரு வாய் குடித்தார். மறுபடியும் பொறுத்தோம். கேக்கில் ஈ உட்கார்ந்தது. மூன்றாம் தடவையும் அப்படியே. சிவசாமி சிரிப்பதை நிறுத்திவிட்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

மலையிலிருந்து மூட்டம் இறங்க, வான்காரன் ஹார்ன் அடித்தான்.

“அப்பா, விருப்பமில்லாட்டி வேணாங்கிறாரு.”

“யாரு விருப்பமில்லன்னது?” லியனார்டின் குரல் கீச்சென்று வந்தது. “தாகமா இருக்கு, அவ்வளவுதான். துப்புவேன்னு சொல்லு.”

கோப்பையை எடுத்தார். அது காலி. அடியில் தூள் மட்டும் ஒட்டியிருந்தது. அப்படியும் வாயில் வைத்து அண்ணாந்தார், தொண்டை மேலும் கீழும் ஏறி இறங்கியது. இறக்கி வைத்துவிட்டு, கோட்டுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாக என்னை அதிகாரமாய்ப் பார்த்த கண்தான்.

த்தூ, என்ன மனுசன் என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

“அம்மா, வேணாம்” என்றாள் ஷெரோமி.

அடுப்பிலிருந்து தேத்தண்ணீர்க் கேத்தலைக் கொண்டுவந்து, அந்தப் பெரிய காகிதத்தின் மேலேயே வைத்து, அவர் கோப்பையை விளிம்பு தட்டத் தட்ட நிரப்பினேன்.