எரிமலைக்குப் பத்துக்கு நாலு

நான் புவியியல் டீச்சராகிப் பத்தொன்பது வருஷமாகிறது. எரிமலைப் பாடத்தை மட்டும் நூறு தடவையாவது நடத்தியிருப்பேன். நெருப்புக் குழம்பு வழியும் கட்டம் வந்தால் என் கை தானாகவே சிவப்புச் சாக்பீஸைத் தேடும். நேரில் பார்த்ததுண்டா என்றால், கிடையாது. கண்காட்சிக்குக் களிமண்ணில் செய்த எரிமலை ஒன்று பொங்கி என் செருப்பை நனைத்தது. அவ்வளவுதான் அனுபவம்.

அதனால் அந்தச் சுற்றறிக்கை வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் ஆறு வாரம் வெளிநாட்டில் போய்ப் படிக்க உதவித்தொகை. படிப்புகளில் எரிமலையும் இருந்தது. நிஜ எரிமலையின் அடிவாரத்திலேயே வகுப்பு. வயது வரம்பு நாற்பத்தைந்து. எனக்கு அதைத் தாண்ட ஏழு மாதம்தான் பாக்கி. இந்த வருஷம் விட்டால் விட்டதுதான்.

ஏன் போக விரும்புகிறீர்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும், அதுவும் சொந்தக் கையெழுத்தில். வீட்டில் வேறு நல்ல தாள் இல்லாததால் பள்ளிக்கூடத்து விடைத்தாளிலேயே எழுதினேன். தேர்வுக் குழு மெச்ச வேண்டுமே என்று புத்தகத்து வாக்கியங்களாகப் பொறுக்கிக் கோத்து, கையெழுத்தையும் குண்டு குண்டாக அழகாக்கி எழுதினேன். எழுதியதை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே ஒன்பதாம் வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அங்கேதான் என் புத்தி புல் மேயப் போயிருக்கிறது.

முப்பது தாளுக்கு மேல் போனால் எந்த ஆசிரியரும் முதல் நாலு வரியைப் படித்துவிட்டு மீதியைக் கண்ணால் தடவுவார். நான் அப்படியில்லை என்று யாராவது சொன்னால் பொய். சாயங்காலம் வாசலில் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை உறும விட்டுக்கொண்டு நின்றார். அவர் பல் டாக்டர். நாளெல்லாம் ஊராரை வாயைத் திறக்கச் சொல்பவர், வீட்டில் தன் வாயைத் திறக்க மாட்டார். அவசரமென்றால் ஹாரன்தான் பேசும். கையில் பட்ட தாளை விண்ணப்பத்தோடு மடித்து உறையில் போட்டு ஒட்டி, போகிற வழியில் குழுவின் அலுவலகப் பெட்டியில் போடச் சொல்லிக் கொடுத்தேன். கடைசித் தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வகுப்பில் தாள்களைக் கொடுத்து முடித்ததும் ஒன்று மிஞ்சியது. பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. பத்துக்கு நாலு போட்டு, 'ஒரே அலங்காரம். சொந்தமாக எழுதவும்' என்று நானே சிவப்பில் எழுதியிருந்தேன்.

"யாருதுடா இது? பேரு எழுதக்கூட உடம்பு வணங்காத மகாராஜா யாரு?" என்று கேட்டுவிட்டு உரக்கப் படித்தேன். "'புவியின் உள்ளார்ந்த ஆற்றலின் உன்னத வெளிப்பாடே எரிமலையாகும்...' அடேயப்பா! எந்த கைடுலேருந்து சுட்டது?"

வகுப்பு சிரித்தது. முதல் பெஞ்சில் ஒரு பெண் உண்டு. எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் ஆசிரியர் அறையில் அவளுக்குப் பெயர் கேள்விக்குறி. அவள் எழுந்தாள்.

"டீச்சர், நீங்க போர்டுல தேதி எழுதுவீங்களே, அந்த எழுத்து மாதிரியே இருக்கு."

குனிந்து பார்த்தேன். ஐந்தாவது வரியில், 'எனது பத்தொன்பது ஆண்டுப் பணி அனுபவத்தில்' என்றிருந்தது. என் கட்டுரையேதான். தாளைச் சட்டென்று மடித்துக்கொண்டேன்.

"அப்ப என்னோட எக்ஸ்ட்ரா பேப்பர் எங்க டீச்சர்? எரிமலைக் கேள்விய அதுலதான் எழுதியிருந்தேன்" என்றாள் கேள்விக்குறி.

மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு ஓடிப் போய்க் குழுவின் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் குமாஸ்தா எடுத்தார்.

"ஓ, நீங்கதானா மேடம்? காலைலதான் பிரிச்சோம். பத்துக்கு மூணு போட்டு, 'கேட்டதற்கு மட்டும் பதில் எழுது'ன்னு இருக்கு. எங்களத்தான் திட்டுறீங்களோன்னு பயந்துட்டோம்."

"ஐயோ, இல்லம்மா. அது ஒரு பிள்ளையோட பரீட்சைப் பேப்பர்."

"கடைசி வரிய அடிச்சிருக்கீங்க. 'எரிமலை வெடிக்கும்போது என்ன சத்தம் வரும் என்று டீச்சர் சொல்லவில்லை. அதனால் எனக்குத் தெரியாது.' நல்லாத்தானே இருக்கு, ஏன் அடிச்சீங்க?"

"என் கட்டுரை இங்கதாம்மா இருக்கு" என்று கெஞ்சினேன். அவருக்கே பாவமாகிவிட்டது போல. "வெள்ளிக்கிழமைதான் குழு கூடுது. அதுக்குள்ள உங்க கட்டுரைய அனுப்பிடுங்க. நான் சொல்லிக்கறேன்" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதிசயமாக வாயைத் திறந்தார். "அதையே வேற தாள்ல காப்பி பண்ணி அனுப்பு."

"நாலு மார்க் கட்டுரையையா?"

"மார்க் போட்டது நீதானே? கொஞ்சம் ஏத்திப் போட்டுக்கோ."

"மூஞ்சியப் பாத்து மார்க் போடுற பழக்கம் எனக்கு இல்ல."

பாதி மார்க்குக்குக் கீழே வாங்கிய பிள்ளைகள் மறுபடி எழுத வேண்டும் என்பது என் வகுப்புச் சட்டம். எழுதினேன். இந்தத் தடவை என் கோழிக் கிறுக்கலிலேயே எழுதினேன். 'பார்க்காத ஒன்றைப் பார்த்தவள் மாதிரிப் பத்தொன்பது வருஷமாக நடத்துகிறேன். எரிமலையின் சத்தம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று உண்மையை எழுதிய பிள்ளைக்கு மூன்று மார்க் போட்டேன். போய்க் கேட்டுவிட்டு வந்து அவளுக்குச் சொல்ல வேண்டும்.' பக்கத்தில் முக்கால்வாசி காலியாகவே இருந்தது. போச்சு, கைக்கு வந்ததை நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். அழுகையாக வந்தது. அப்படியே அனுப்பினேன்.

இடம் கிடைத்தது. கடிதத்தை நான் மூன்று தடவை படித்த பிறகும் நம்பாமல் வீட்டுக்காரரைப் படிக்கச் சொன்னேன்.

கோடை முடிந்து பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பிலும் அதே பிள்ளைகள், அதே முதல் பெஞ்சு. மலை விளிம்பில் பிடித்து வந்த ஒலிப்பதிவை மேஜையில் வைத்துப் போட்டேன். முதலில், மாடியில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி ஓர் உறுமல். அடுத்து 'அம்மாடியோவ்!' என்று என் அலறல். அதற்கப்புறம் ஆறு நிமிஷம் நான் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகிற சத்தம். வகுப்பு பெஞ்சைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

கேள்விக்குறி மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் டீச்சர் அழறீங்க? பயமா?"

"பயமில்ல."

"அப்புறம் ஏன்?"

யோசித்துப் பார்த்தேன். புத்தகத்து வாக்கியம் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "தெரியலம்மா" என்றேன். அந்த வகுப்பில் அந்தச் சொல்லை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் நோட்டைத் திறந்து மளமளவென்று எழுத ஆரம்பித்தாள்.

"என்னடி எழுதற?"

"'டீச்சருக்கும் தெரியாது'ன்னு எழுதிக்கறேன். பரீட்சைல கேட்டா எழுதணுமே. அடிச்சிட மாட்டீங்களே?"

"எழுது. முழு மார்க்" என்றேன்.