முப்பத்தோராவது பிளேற்

கேக் வெட்டக் கத்தி இல்லை என்றுதான் ஜெசிதாவைக் கூப்பிட்டார்கள். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு வந்து, ஆய்வுகூடத்துத் தேநீர் அறையின் மேசை லாச்சிக்குள் தேடி எடுத்துக் கொடுத்தாள். கலாநிதி வாகீசன் கேக்கை வெட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்குப் பின்னால் அறிவித்தல் பலகையில் புதிய ஆய்வுக் கட்டுரையின் முதற்பக்கம் குத்தியிருந்தது. கையில் கேக்குத் துண்டோடு ஜெசிதா அதைப் படித்தாள். எழுதியவர்கள் வாகீசன், அவருடைய மாணவி கீர்த்திகா, கொழும்பில் ஒருவர், நோர்வேயில் ஒருவர். இன்னொரு தரம் படித்தாள். பிறகு கணினியில் முழுக் கட்டுரையையும் திறந்து பார்த்தபோது, கடைசியில் ‘ஆய்வுகூட ஊழியர்களுக்கு நன்றி’ என்றிருந்தது. அந்த ஆய்வுகூடத்தில் ஆய்வு வேலை செய்யும் ஊழியர் என்று இருந்தது அவள் ஒருத்திதான்.

அந்தக் கட்டுரை சொல்லும் பற்றீரியாவைக் கண்டுபிடித்தவள் அவள். குருநகர்க் கடற்றொழிலாளி ஒருவரின் மகள். ஒன்பது வருடமாக அங்கே தொழில்நுட்ப உதவியாளர். தாய் மேர்சிக்குச் சீனி வருத்தத்தில் காலில் வந்த புண்ணில் எந்த ஊசி மருந்துக்கும் மசியாத கிருமியொன்று குடியேறி, முழங்காலுக்குக் கீழே காலையே வெட்டி எடுக்கும்படி ஆகியிருந்தது. அப்படிப்பட்ட கிருமிகளை அடக்க மண்ணில் ஏதும் கிடைக்குமா என்று தேடும் வேலை ஆய்வுகூடத்துக்கு வந்தபோது, யாரும் அனுப்பாமல் அவளாகவே ஒரு சனிக்கிழமை தொண்டைமானாற்றுக்குப் போனாள். முழங்காலளவு உவர்நீரில் இறங்கிப் பதினான்கு போத்தல்களில் சேறு அள்ளி வந்தாள். பதினோராவது போத்தலின் சேற்றைத் தடவிய பிளேற்றில், அந்த வட்டமான வளர்ப்புத் தட்டில், முளைத்த சாம்பல் நிறப் புள்ளியைச் சுற்றி நோய்க்கிருமி வளரவேயில்லை. கண்ணாடி போலத் தெளிந்த ஒரு வட்டம். அன்று வாகீசனுக்கு அதைக் காட்ட ஓடியவள், வழியில் ஒரு செருப்பு கழன்று விழுந்ததையும் பாராமல் ஓடினாள்.

கேக் வெட்டிய மறுநாள் வாகீசனின் அறைக்குப் போய்க் கேட்டாள்.

“சேர், பேப்பரிலை என்ரை பேர் விடுபட்டுப் போச்சு.”

“ஜெசிதா, நீர் செய்தது உம்மடை வேலை. வேலை செய்த எல்லாரின்ரை பேரையும் போட வெளிக்கிட்டால், லாப் கூட்டுற ஆளின்ரை பேரையும் போடவேணும்.” அவர் சிரித்தார். சிரிக்கவேண்டிய இடம் போலிருந்ததால் அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போகும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் பசை போல ஒட்டிக்கிடந்தது. கழுவித்தான் எடுத்தாள்.

அவள் எதையும் உடைக்கவில்லை. எதையும் ஊற்றவில்லை. அந்தப் பற்றீரியாவுக்குக் கொழுத்த சாப்பாடு கொடுத்து, ஒரு பிளேற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே போனால், மற்றக் கிருமிகளோடு சண்டை பிடிக்கத் தேவையில்லாமல் போய், அது தன் நஞ்சைச் சுரக்க மறந்துவிடும். அதனால் நாலைந்து மாற்றலுக்கு ஒரு தடவை, மைனஸ் எண்பது பாகையில் சின்னக் குழாயில் உறையவைத்த முதல் ரியூப்பிலிருந்து புதிதாக எடுக்கவேண்டும். அவள் மட்டுமே கடைப்பிடித்துவந்த அந்த முறையை இப்போது விட்டுவிட்டாள். முதல் ரியூப்புகள் மூன்றையும் உறைபெட்டியின் வேறு தட்டுக்கு மாற்றினாள். பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் நெருப்பில் கம்பியைச் சுட்டு, ஆறவிட்டு, பழைய பிளேற்றில் தொட்டு, புதுப் பிளேற்றில் கீறினாள். திங்கட்கிழமைகளில் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

இருபதாவது பிளேற் அளவில் கீர்த்திகா கேட்டாள். உடுப்பிட்டிப் பெண், எழுத்து வேலையே கதியென்று கிடப்பவள். “ஜெசிதாக்கா, உது முந்திச் சாம்பல் பூத்தமாதிரி எல்லோ இருந்தது? இப்ப மொட்டையாக் கிடக்கு.”

“ஏகார் கூழ் மாத்தினது. அதாலை இருக்கும்,” என்றாள் ஜெசிதா. அந்தப் பிள்ளை நம்பியது.

கட்டுரையில் பேர் இருந்த நோர்வேக்காரர் அந்த வட்டத்தை நேரில் பார்க்க வந்த கிழமை முப்பத்தோராவது பிளேற். கொழும்பிலிருந்தும் இருவர் வந்திருந்தார்கள். வாகீசன் மூடியைத் திறந்தார். நோய்க்கிருமி விளிம்புவரைக்கும் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. வட்டம் இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அடுத்த பிளேற்றையும் அதற்கடுத்ததையும் திறந்தார். நோர்வேக்காரர் ஏதோ மெல்லச் சொல்லிக் குறிப்புப் புத்தகத்தை மூடினார். வாகீசனின் சட்டைக் கொலர் நனைவதைக் கதவோரம் நின்ற ஜெசிதா அவசரமில்லாமல் பார்த்தாள். மனம் கூசும் என்று எதிர்பார்த்திருந்தாள். கூசவில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

எல்லோரும் போனபின் கீர்த்திகா கைகழுவும் தொட்டியடியில் நின்று அழுதாள். “என்ரை எம்.பில் முழுக்க உதிலைதான் அக்கா நிக்குது.” ஜெசிதா தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள்.

அடுத்த நாள் காலை வாகீசன் அவளுடைய மேசையடிக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

“உறையவைச்ச பழைய ஸ்ரொக் ஏதும் இருக்கோ?”

“ஓம்.”

“எங்கை?”

“இருக்கு.”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு விளங்கியது. “நீர் வேணுமெண்டு செய்தனீரோ?”

“பிளேற் கேட்டனீங்கள், தந்தனான். அது என்ரை வேலை.”

“உம்மை நாளைக்கே வேலையாலை நிப்பாட்டலாம், தெரியுமோ?”

“ஓம், நிப்பாட்டலாம். பிறகு எந்த ரியூப் எண்டு ஆர் சொல்லுறது? உறைபெட்டிக்குள்ளை ஆயிரத்து இருநூறு கிடக்கு. மேலை எழுதினது என்ரை எழுத்து, என்ரை நம்பர்.”

அவர் கதிரையை இழுத்து இருந்தார். குரல் இறங்கியிருந்தது. “அடுத்த பேப்பரிலை கட்டாயம் உம்மடை பேர் வரும்.”

“இந்தப் பேப்பரிலை. சஞ்சிகைக்குத் திருத்தம் போடச்சொல்லி எழுதுங்கோ. இந்த மேசையிலை, எனக்கு முன்னாலை இருந்து எழுதுங்கோ.”

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். சஞ்சிகையின் ஆசிரியருக்கு எழுதத் தொடங்கினார். ஒரு வரி அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். அவள் அவருடைய தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். கீர்த்திகா ஐஸ் பெட்டியோடு வந்து, இருவரையும் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

வாகீசனின் விரல்கள் நின்றன. அவர் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

“உம்மடை இனிசியல் என்ன?”

கொக்குவில் கடவையைத் தாண்டிக் காலை ரயில் வந்துகொண்டிருந்தது. யன்னற் கண்ணாடி அதிர்ந்தது. ரயில் கடந்து, கண்ணாடி அடங்கி, அவர் கழுத்தைத் திருப்பி தன் முகத்தைப் பார்க்கும்வரை ஜெசிதா காத்து நின்றாள். திரையில் அவள் பெயருக்கு முன்னால் விட்ட இடத்தில் சின்னக் கோடொன்று மின்னி மின்னி அணைந்தது.