வலி குறைவானது எது

“அப்பா, அதுக்கு வலிக்குது. நீங்க ஏன் சும்மா நிக்கறீங்க?”

வெண்பாவுக்கு அப்போது ஏழு வயது. அமெரிக்காவில், டெக்சஸின் ரவுண்ட் ராக்கைத் தாண்டி, சோளக்காடுகளுக்கு நடுவே போகும் சாலையில், வீட்டுக்கு அருகே நஞ்சப்பனின் காரில் ஒரு மான் மோதியிருந்தது. பின்கால்கள் ஒடிந்த மான் முன்கால்களை ஊன்றி எழப் பார்ப்பதும் விழுவதுமாக இருந்தது. நஞ்சப்பன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

சத்தம் கேட்டு வந்தவர் பக்கத்து நிலத்துக்காரர் கிளைட். கையில் பழைய லீவர் துப்பாக்கி. அடியில் இருக்கும் வளையத்தைத் தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும் வகை. குழந்தையின் முகத்தைத் திருப்பச் சொன்னார். ஒரே ஒரு சத்தம். அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது.

மறுநாள் காலை பார்த்தால் காரின் முன்பக்கம் கறையே இல்லாமல் கழுவப்பட்டிருந்தது. பள்ளிக்குக் கிளம்பும் குழந்தை பார்த்துவிடக் கூடாதென்று கிளைட் விடியும் முன்னே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து போயிருக்கிறார். அவர் அதைச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. நன்றி சொல்லாமலே வருஷங்கள் ஓடிவிட்டன.

இப்போது வெண்பா கலிபோர்னியாவில், சான் ரமோனில் வேலை பார்க்கிறாள். மனைவி கலாவதி போய்ச் சேர்ந்துவிட்டாள். கிளைட்டும் போன குளிர்காலத்தில் காலமானார். அவர் வீட்டு வாசலில் புல் முட்டி உயரம் வளர்ந்து கிடக்கிறது. நஞ்சப்பன் ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது.

இந்த வசந்தத்தில் அவர் வீட்டுக் கேட்டருகே மறுபடி ஒரு மான் அடிபட்டது. போன் செய்தார். வனவிலங்குத் துறை அதிகாரி வந்து சேர மாலையாகிவிட்டது. அதுவரை அது கத்திக்கொண்டே இருந்தது. நஞ்சப்பன் உள்ளே உட்கார்ந்து சாமிப் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டார். அன்றைக்கு விளக்கேற்றும்போது முருகன் படத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கிளைட் வைத்திருந்த மாதிரி ஒரு துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தார். ஆனால் எந்தக் காலிபர்? பார்க்க ஒரே மாதிரி இருக்கும் துப்பாக்கி, தோட்டாவின் அளவில் மட்டும் பல வகையாக வருகிறது. ‘தேர்ட்டி தேர்ட்டி’தான் மானுக்கு என்றார் ஒருவர், ‘ஃபார்ட்டி ஃபைவ் செவன்ட்டி’ காட்டெருமையையே சாய்க்கும் என்றார் இன்னொருவர். இணையத்து அட்டவணைகளில் வேகம் இருந்தது, எடை இருந்தது. அவர் தேடியது எதிலும் இல்லை.

கடைசியில் தஸ்தகீரைக் கூப்பிட்டார். முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர், வருஷம் தவறாமல் மான் வேட்டைக்குப் போகிறவர். துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்ததுமே கிண்டலை ஆரம்பித்துவிட்டார்.

“முட்டை போட்ட கேக்கையே தள்ளி வெக்கற ஆளு. உங்களுக்குத் துப்பாக்கி எதுக்குண்ணே?”

“சிரிக்காதீங்க பாய். எனக்கு வலி கம்மியா இருக்கறதாப் பாத்து ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

“அப்படிச் சொல்லுங்க. அப்ப த்ரீ ஃபிஃப்டி செவன்தான். குழந்தை மாதிரி. சுடறப்ப பின்னால இடிக்கறது தோளுக்கு ஒண்ணும் தெரியாது.”

“தோளுக்கு இல்லீங்க பாய்.” நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “அதுக்கு. ரோட்டுல அடிபட்டுக் கெடக்குதுங்களே, அதுக்கு.”

தஸ்தகீரின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த தோட்டாப் பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார்.

“எவ்வளவு தூரத்துலேர்ந்து?”

“பக்கத்துலதானுங்க. அதுக்கு ஓடக் கால் இருக்காதே.”

“அப்பவும் அதேதாண்ணே. பெருசு வாங்குனா தோளு வலிக்குமேன்னு ஒரு பயம் வரும். பயந்தா கை ஆடும். கை ஆடுனா அதுக்கு வலிக்கும். ரெண்டு வலியும் ஒண்ணுதான்.” கொஞ்சம் நிறுத்தினார். “எங்க ஆளுங்க அறுக்கறதுக்கு முன்னாடி கத்தியத் தீட்டிக்குவாங்க. கத்தி மொட்டையா இருந்தா அது நாம செய்யற கொடுமைன்னு எங்க வாப்பா சொல்லுவாரு. நீங்க உங்க கையத் தீட்டிக்கங்க. சனிக்கிழமை நான் வர்றேன்.”

சொன்னபடியே சனிக்கிழமைகளில் வந்தார். நிலத்தின் பின்பக்கம் மண்மேட்டில் காகிதத்தை ஒட்டி, நஞ்சப்பனின் கை ஆடாமல் நிற்கும்வரை சுடப் பழக்கினார். போகும்போது தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த நாட்களில் மட்டும் இரண்டு டம்ளர் அரிசி.

விஷயம் தெரிந்து வெண்பா பதறினாள்.

“அப்பா, கன்னா? தனியா இருக்கற வீட்டுல அது எதுக்கு? ஆர் யூ ஓகே?”

“நல்லாத்தான் இருக்கேன் கண்ணு. பெட்டியில வெச்சுப் பூட்டியிருக்கேன். சின்னப் புள்ளையில நீ கேட்ட கேள்விக்குத்தான் வாங்குனேன்.”

“நான் என்ன கேட்டேன்?”

அவளுக்கு நினைவில்லை. அவரும் நினைவுபடுத்தவில்லை. வாரக் கடைசியில் பாயும் கூட இருக்கிறார் என்றதும் அவள் குரல் கொஞ்சம் தணிந்தது.

ஆயுத பூஜைக்கு லேப்டாப்புக்கும் கார் சாவிக்கும் பக்கத்தில் துப்பாக்கியை வைத்துப் பொட்டிட்டார். உனக்கு வேலையே வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

ஆனாலும் அதற்கு வேலை வந்தது. ஐப்பசியில் ஒரு காலை, பிரேக் போடும் சத்தம் கேட்டது. வண்டி நிற்காமல் போய்விட்டது. சாலையில் அடிபட்ட மான் தன்னையே இழுத்துக்கொண்டு அவர் கேட்டுக்குள் வந்து கிடந்தது. போன் செய்தார். அதிகாரி வெகுதூரத்தில் இருந்தார்; உங்கள் நிலம்தானே, உங்களால் முடிந்தால் அதற்கு உதவுங்கள் என்றார்.

நஞ்சப்பன் பெட்டியைத் திறந்தார். செம்பில் தண்ணீர் எடுத்துப் போய் மானின் வாயோரம் சொட்டினார். விபூதியைத் தொட்டு அதன் நெற்றியில் வைத்தார். அது அவரையே பார்த்தது. “முருகா, கூட்டிக்க” என்றார். கை ஆடவில்லை.

ஒரே ஒரு சத்தம். அப்புறம் காற்று சோளத்தட்டையில் உரசுவது மட்டும் கேட்டது.

துப்பாக்கியைப் பூட்டிவிட்டு வந்து, மானின் மேல் கலாவதியின் பழைய போர்வையைப் போர்த்தினார். திரும்பும்போதுதான் சாலையைப் பார்த்தார். மான் இழுத்துக்கொண்டு வந்த தடம் நடுவிலிருந்து கேட் வரைக்கும் சிவப்பாக நீண்டிருந்தது. பள்ளிப் பேருந்து வரும் நேரம்.

வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்தார். போதாமல் மறுபடி போய்ப் பிடித்து வந்தார். கறை போனபின்பும் ஓரத்தில் குனிந்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பக்கத்து நிலத்தில் கிளைட்டின் வீடு பூட்டியே கிடந்தது.

பேருந்து வளைவில் திரும்பும் சத்தம் கேட்டதும் வாளியை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். குழந்தைகளின் பேச்சுச் சத்தத்தோடு அது ஈரச் சாலையில் வேகம் குறையாமல் கடந்து போயிற்று.